இழந்த நேரத்தைத் துரத்த வேண்டாம்

கேள்வி:

டொக்டர், எனக்கு வயது 38. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கோட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். கடந்த மாதம் முதன்முறையாக அரைநீள ட்ரையத்லன் ஒன்றில் பங்குபற்றினேன். 1.9 கிலோமீற்றர் கடல் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். ஒரு வருடமாக விடியற்காலை நாலே முக்காலுக்கு எழும்பிப் பயிற்சி செய்தேன். அன்றைக்கு எல்லாமே பிழைத்தது.

நீச்சலின் தொடக்கத்திலேயே யாரோ ஒருவரின் கால் பட்டுக் கண்ணாடி கழன்றது. மூச்சு அடைத்தது, பயந்துபோனேன். 62 நிமிடத்தில் கரையேறினேன், அதன் பிறகும் கொஞ்ச நேரம் இருமல் இருந்தது. சைக்கிளில் 35ஆவது கிலோமீற்றரில் பின் டயர் பஞ்சர். ட்யூப் மாற்றினேன். இரண்டு கிலோமீற்றர் போகவில்லை, புதுட்யூபும் போனது. அதில் 25 நிமிடம் வீணானது. மணிக்கு 24.5 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டத் திட்டமிட்டிருந்த நான், அதன் பிறகு 27இல் மிதித்தேன். அந்த அவசரத்தில் சாப்பிட மறந்து, கடைசி இருபது நிமிடத்தில் மூன்று ஜெல்லை (சக்திக்காக எடுக்கும் இனிப்புக் கூழ்ப் பொதி) பச்சைத் தண்ணீரோடு குடித்தேன். ஓட்டத்தில் 11ஆவது கிலோமீற்றரில் வாந்தி, தலைச்சுற்று. உதவியாளர்கள் இருத்தி, போதும் என்று நிறுத்திவிட்டார்கள்.

கூடப் பயிற்சி செய்யும் ஒருவர் "உமக்கு மனத்திடம் காணாது" என்றார். மாமி, "பிள்ளையை விட்டிட்டு விடியப்புறம் ஓடித் திரிஞ்சு என்னத்தைக் கண்டனி" என்கிறார். மகள் "ஏனம்மா மெடல் இல்லை?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வாரமாக நித்திரை சரியில்லை. பந்தயத்துக்கு முந்திய இரண்டு மாதமும் மாடிப்படி ஏறவே களைத்தது, அதையும் சோம்பல் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பேன், சனிக்கிழமை நீண்ட சைக்கிள் பயிற்சி. என் மனம்தான் பலவீனமா? இதை விட்டுவிடலாமா?

– வாசகி, கொழும்பு 6

பதில்:

தங்கச்சி, மனத்திடம் பற்றிய கேள்வியை முதலில் எடுக்கிறேன். உங்கள் நித்திரையைக் கெடுப்பது அதுதான். உங்கள் கடிதத்தில் மனம் பலவீனமாக இருந்ததற்கான சான்று ஒன்றையும் நான் காணவில்லை. கண்ணாடி கழன்று மூச்சு முட்டியவர் அங்கேயே கையைத் தூக்கிப் படகை அழைத்திருக்கலாம். நீங்கள் நீந்தி முடித்தீர்கள், அதுவும் வழக்கமான 70 நிமிட எல்லைக்குள். இரண்டு தடவை டயர் போன பிறகு வீதியோரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மிச்சம் 53 கிலோமீற்றரையும் மிதித்து முடித்தீர்கள். உங்களிடம் திடம் தேவைக்கு மேலேயே இருந்தது. அன்று உங்களை வீழ்த்தியதில் அதற்கும் பங்குண்டு. எப்படி என்று சொல்கிறேன்.

நீங்கள் கணக்காளர், ஆகவே கணக்காகவே வைப்போம். 62 நிமிட நீச்சல். உடை மாற்றிச் சைக்கிளில் ஏற 6 நிமிடம் என்று கொள்வோம். 90 கிலோமீற்றரை உங்கள் திட்டப்படி 24.5இல் ஓட்டியிருந்தால் 220 நிமிடம். பஞ்சருக்கு 25. இவ்வளவையும் கூட்டினால் 5 மணி 13 நிமிடம். இந்தத் தூரத்துக்கு, பந்தயத் தொடக்கத்திலிருந்து சைக்கிளை முடிக்கும்வரை வழமையாகக் கொடுக்கப்படும் நேர எல்லை 5 மணி 30 நிமிடம். சப்பாத்து மாற்ற இன்னும் 5 நிமிடம் போனாலும், மொத்த எல்லையான எட்டரை மணித்தியாலத்தில் ஓட்டத்துக்கென்று 3 மணி 12 நிமிடம் மிஞ்சியிருக்கும். 21.1 கிலோமீற்றருக்கு அது கிலோமீற்றருக்கு ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் வேகமாக நடந்து போகிறவர்களுடைய வேகம் அது. அதாவது அந்த 25 நிமிடத்தை இழந்த பிறகும் பந்தயம் உங்கள் கையில்தான் இருந்தது. பஞ்சர் உங்களைத் தோற்கடிக்கவில்லை.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியமானது. 53 கிலோமீற்றரை 24.5இல் ஓட்டுவதற்குப் பதிலாக 27இல் ஓட்டியதால் நீங்கள் மீட்டது ஏறக்குறைய 12 நிமிடம். அந்த 12 நிமிடத்துக்கு உடல் கொடுத்த விலையைப் பாருங்கள். சைக்கிளில் போகும்போது நம்மைத் தடுப்பதில் பெரும்பங்கு காற்று. வேகம் பத்து சதவீதம் கூடினால் அதற்குத் தேவையான வலு ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதல் வலுவெல்லாம் உடலுக்குள் வெப்பமாகவும் சேர்ந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற இதயம் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, கால் தசைகளும் இரத்தம் கேட்கின்றன. குறைவது வயிற்றுக்குத்தான். அப்படிப்பட்ட வயிற்றில் ஒரே மூச்சில் மூன்று ஜெல், அதாவது 60 முதல் 75 கிராம் சர்க்கரை. அது குடலுக்கு இறங்க வழியில்லை. அதனால் திரும்பி வந்தது. இதில் மனத்தின் குற்றம் எங்கே இருக்கிறது?

பந்தய முடிவிடங்களில் மருத்துவக் கூடாரங்களில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்: நீண்டதூரப் போட்டிகளில் முதல் தடங்கல் ஆளை வீழ்த்துவது அரிது. அந்தத் தடங்கலில் போனதை உடனே பிடித்துவிட வேண்டும் என்று புறப்படுவதுதான் வீழ்த்துகிறது. பஞ்சரில் போன நிமிடங்களை நட்டக் கணக்கில் எழுதி மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஓட்டவேண்டிய வேகம், பஞ்சருக்கு முன்பு திட்டமிட்ட அதே வேகம்தான். இதைச் செய்யத்தான் உண்மையான திடம் வேண்டும். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு, மனம் பதறப் பதற, அதே பழைய வேகத்தில் மிதிப்பது இலேசான காரியமில்லை.

இந்த விளையாட்டின் உச்சத்தில் இருந்தவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. முழுநீள ட்ரையத்லனான ஹவாய் அயர்ன்மேன் போட்டியை அதுவரை ஏழு தடவை வென்றிருந்த போலா நியூபி-ஃப்ரேசர், 1995இல் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர் நெருங்குகிறார் என்ற அவசரத்தில் தண்ணீர் மேசைகளில் நிற்காமல் ஓடினார். முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில் சுருண்டு விழுந்தார். நெடுநேரம் தெருவில் கிடந்து, பிறகு எழுந்து நடந்து நான்காவதாக முடித்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து எட்டாவது தடவை வென்றார். அவருக்கு மனத்திடம் காணாது என்று யாராவது சொல்ல முடியுமா? உங்களைப் போலவே கணக்காளராக வேலை பார்த்த க்வென் ஜோர்கன்சன் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டயர் பஞ்சராகி 38ஆம் இடத்தில் முடித்தார். 2016 ரியோவில் தங்கம் வென்றார். நீங்களும் தங்கம் எடுப்பீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பஞ்சரை வைத்து ஒருவருடைய தகுதியை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பஞ்சரைப் பற்றி இன்னொன்று. புதுட்யூப் இரண்டு கிலோமீற்றருக்குள் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக முதல் ட்யூபைத் துளைத்த பொருள் டயருக்குள்ளேயே இருந்திருக்கும். தேய்ந்த லொறி டயரிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பிகள் நமது வீதிகளில் நிறையக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. பழைய ட்யூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச்சுற்றும் துடைத்துப் பாருங்கள், துணி எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி இருக்கும். வீட்டில் இருந்து ஆறுதலாகப் பழகினால் போதாது. பயிற்சி முடிந்து, கை வியர்த்து, களைத்த நிலையில் மெரைன் டிரைவ் ஓரத்தில் பின் சில்லைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். கை நடுங்கும்போதும் விரல்களுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

நீச்சலில் வந்த பயம் அனுபவசாலிகளுக்கும் வருவது. அடுத்த முறை மூச்சு அடைத்தால் மல்லாந்து மிதந்து, வெளிமூச்சை நீளமாக விடுங்கள். பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொள்ளப் பொதுவாக விதிகள் இடம் கொடுக்கின்றன, அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகரக்கூடாது, அவ்வளவுதான். தொடங்கும்போது கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரமாக, பின்னால் நில்லுங்கள். தடாகத்தில் ஒரே வரிசையில் நாலைந்து பேர் வேண்டுமென்றே இடிபட்டு நீந்திப் பழகுவது நல்ல பயிற்சி. கடற்பயிற்சி தேவையென்றால் கல்கிசைப் பக்கம், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், குழுவாக மட்டும் இறங்குங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நமது பக்கக் கடல் கொந்தளிக்கும். அப்போது கடலில் நீந்தப் போகவே வேண்டாம்.

வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு வருடம் முழுக்க விடியற்காலைக் குளிர்ச்சியில் பயிற்சி செய்து, பகல் முழுக்க ஏசி அறையில் இருந்திருக்கிறீர்கள். பந்தயத்தில் ஓட்டம் தொடங்கியது நடுப்பகலை நெருங்கும் நேரத்தில். கொழும்பில் பிறந்து வளர்ந்த உடல்தானே என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் சூட்டில் உழைக்க உடல் தனியாகப் பழக வேண்டும். அதற்குப் பத்து முதல் பதினாலு நாள் எடுக்கும், விட்டால் சில வாரங்களில் போய்விடும். பந்தயத்துக்கு முந்திய இரண்டு வாரமும் நாள்தோறும் இல்லாவிட்டாலும் முடிந்தளவு நாட்களில், ஒன்பது பத்து மணி வெயிலில் ஒரு மணித்தியாலம் மெதுவாக ஓடுங்கள். சுதந்திர சதுக்கப் பக்கம் மரநிழல் இருப்பதால் தொடங்க நல்ல இடம். காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்த வாரத்தில் வேண்டாம். தனியாகவும் வேண்டாம்.

வியர்வை நின்றால்தான் ஆபத்து என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் தடுமாறுவார், பேச்சுக் குழம்பும், எரிச்சல்படுவார், உடலின் உட்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். அப்படி ஒருவரைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்கு முன்பே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அல்லது ஐஸ் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உங்களை 11ஆவது கிலோமீற்றரில் நிறுத்தியவர்கள் மிகச் சரியான வேலை செய்தார்கள். அவர்கள்மீது மனத்தாங்கல் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

குடிப்பதற்கு ஓர் எளிய அளவு இருக்கிறது. வெயிலில் ஒரு மணித்தியாலம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள், இடையில் எதுவும் குடிக்காமல். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்த்திருக்கிறது. பந்தயத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு அந்த அளவுக்கு மேல் ஒருபோதும் குடிக்கக்கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் வாந்தியும் தலைச்சுற்றும் தரும், முற்றினால் வலிப்பு வரை போகும். குடிப்பதில் உப்பு இருக்கட்டும். செவ்விளநீர் நல்ல பானம்தான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நீண்ட பந்தயத்துக்கு அது மட்டும் காணாது, ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்கலாம். ஜெல்லானாலும் வாழைப்பழமானாலும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. கைக்கடிகாரத்தில் மணி அடிக்க வைத்துவிடுங்கள், பதற்றத்தில் மறக்காது. இதையும் பயிற்சி நாட்களிலேயே பழக்கினால்தான் வயிறு ஏற்றுக்கொள்ளும்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன விடயத்துக்கு வருகிறேன். ஒரு மருத்துவராக என் கண் அங்கேதான் நின்றது. மாடிப்படி ஏறவே இரண்டு மாதம் களைத்தது என்கிறீர்கள், அதைச் சோம்பல் என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். ஒரு வருடம் நாலே முக்காலுக்கு எழும்பியவருக்கு ஏது சோம்பல்? மாதவிடாய் வரும் வயது, நீண்ட ஓட்டம், வாரத்துக்கு ஒரு நாள் விரதம், அடுத்த நாளே மிக நீண்ட பயிற்சி. இவை எல்லாம் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இரும்புச்சத்துக் குறைவைத்தான். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பு வற்றியிருக்கலாம், ஆகவே அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். 30க்குக் கீழே இருந்தால் சேமிப்புக் குறைந்துவிட்டது என்று பொருள். பரிசோதிக்காமல் பார்மசியில் இரும்புக் குளிசை வாங்கி விழுங்க வேண்டாம். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத் தெரியும், அதை இரும்பு திருத்தாது.

சாப்பிட்டவுடன் பிளேன்டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணித்தியாலம் தள்ளுங்கள். தேயிலையிலுள்ள சாயப்பொருள் இரும்பை உடலில் சேரவிடாது. கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். விரதத்தை விடச் சொல்லமாட்டேன், அது உங்கள் நம்பிக்கை. நீண்ட பயிற்சியை ஞாயிறுக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை மூன்று வேளையும் சோறு, புட்டு, இடியப்பம் என்று வயிறாரச் சாப்பிட்ட உடலோடு சைக்கிளில் ஏறினால், அதே தூரம் எவ்வளவு இலேசாகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள். மாதவிடாய் தவறியோ, வழமைக்கு மாறாகவோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உழைப்புக்கு ஏற்ற உணவு போதவில்லை என்பதை உடல் அறிவிக்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

மகளுக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். 113 கிலோமீற்றரில் அம்மா 103 போனேன், அதற்கு மேல் உடம்புக்கு ஏலாமல் போனது, நிற்கச் சொன்னார்கள், நின்றேன். ஒன்பது வயதுக்கு இது விளங்கும். மாமியின் பேச்சில் கோபத்தோடு பேத்தியைப் பற்றிய கவலையும் இருக்கக்கூடும். எந்த நாட்கள் பயிற்சிக்கு, எந்த நாட்கள் வீட்டுக்கு என்று கணவரோடு இருந்து பேசி, முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு குறையும். கூடப் பயிற்சி செய்பவரின் தீர்ப்பை ஒரு மருத்துவர் ஏற்கவில்லை என்று அவரிடமே சொல்லலாம். நித்திரை இன்னும் இரண்டு வாரத்தில் வழமைக்கு வராவிட்டால், பந்தயத்தைத் தாண்டி மற்ற விடயங்களிலும் ஆர்வம் அற்றுப்போனால், நேரில் ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு வருட உழைப்பு கைக்கெட்டாமல் போனால் துக்கம் வரத்தான் செய்யும். அதை ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இன்று பதில் தேட வேண்டாம். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இலேசாக மட்டும் நடங்கள், ஓட்டுங்கள். இரும்புக் குறைவு இருந்து மருந்து தொடங்கினால் களைப்புத் தணியச் சில வாரங்கள் ஆகும், சேமிப்பு நிரம்ப மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர் கொண்ட குறுந்தூரப் போட்டி ஒன்றில் இறங்குங்கள். ஆசை இல்லாவிட்டால் நடந்து திரிவதும் நீந்துவதும் போதும், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் களைத்துப்போன உடலையும் காயப்பட்ட மனதையும் வைத்து இப்போது முடிவெடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் பிற்போட வேண்டாம். கரையேறிய பிறகு இருமல் இருந்தது என்றீர்கள். கடல்நீர் தொண்டைக்குள் போயிருக்கலாம், பெரும்பாலும் அதுதான். ஆனால் அன்று துப்பியபோது சளி நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்ததா, நெஞ்சில் கரகரப்பு இருந்ததா, தடாகத்திலும் எப்போதாவது அப்படி வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். நீந்தும்போது நுரையீரலில் நீர்கோர்க்கும் ஒரு நிலை இருக்கிறது, அது திரும்பவும் வரக்கூடியது. ட்ரையத்லனில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலின்போதே நிகழ்வதால், இதைப் பயமுறுத்தலாக எடுக்காமல் கவனமாக எடுங்கள். இவற்றில் ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்போ காரணம் தெரியாத திடீர் மரணமோ இருந்தாலும், ஈசீஜியும் எக்கோவும் எடுத்து, இரத்த அழுத்தமும் பார்த்து, இதய மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும். தடாகமானாலும் அப்படித்தான்.